வெயிலுக்கு ஒரு படி

சித்திரை பிறந்து ஏழெட்டு நாட்கள் சென்ற பின், அதாவது ஏப்ரல் 21-ஆம் தேதியை ஒட்டி, நெல்லித்தோப்பில் ஏதாவது ஒரு வீட்டு மொட்டை மாடியில் நடுப்பகல் வேளையில் ஒரு கோலை நேராக நட்டுவைத்துக் காத்திருங்கள். கையில் ஒரு குடை இருந்தால் நலம். கடிகாரத்தில் பன்னிரண்டு மணி ஆகிப் பத்து நிமிஷம் செல்லும் சமயத்தில், அதுவரை கோலின் ஒரு பக்கமாகக் கிடந்த நிழல் சுருங்கிச் சுருங்கி, அதன் காலடியிலேயே அடங்கிப் போய்விடும். மறுபடியும் ஆவணி மாதத்து முதல் வாரத்தில், ஆகஸ்டு 21-ஆம் தேதி சுமாருக்கு, இதே வேடிக்கையைப் பார்க்கலாம். புதுச்சேரி நகரம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 12 பாகையில் அமைந்திருப்பதால், வடக்கே போகும்போது ஒரு முறையும் தெற்கே திரும்பும்போது ஒரு முறையும் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்து போகிறான்.

இந்த நாளையும் நிமிஷத்தையும் என் வகுப்பு மாணவர்கள் கணக்கிட்டுச் சொல்லிவிடுவார்கள். ஆனால் அவர்களையே, "நேற்று நம் பள்ளிக்கூடத்து மாடியில் எவ்வளவு வெயில் விழுந்தது?" என்று கேட்டால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். "நல்ல வெயில், ஸார்" என்பான் ஒருவன். "மண்டையைப் பிளக்கிற வெயில்" என்பான் இன்னொருவன். அரிசியைப் படியால் அளக்கிறோம். பாலை ஆழாக்கால் அளக்கிறோம். கதம்பத்தைக்கூட முழம் போட்டு வாங்குகிறோம். நெல்லை விளைவிப்பதும், உப்பைப் பூக்க வைப்பதும், கடல் நீரை ஆவியாக்கி மழையாகத் திருப்பி அனுப்புவதும், நம் வீட்டு வடகத்தை உலர்த்துவதுமான வெயிலுக்கு மட்டும் படி கிடையாதா? உண்டு. அந்தப் படி நம் தேசத்துக்கு எப்படிக் கிடைத்தது, அதைச் சரியாக வைத்துக்கொள்வதில் என்ன தொல்லை இருக்கிறது என்பதைச் சொல்வதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதப் புகுந்தேன்.

மேகம் செய்த மோசம்

புதுச்சேரிக்காரர்களுக்குச் சூரியனோடும் மேகத்தோடும் ஒரு பழைய வழக்கு உண்டு. சூரியனின் முகத்துக்கு எதிரே சுக்கிரன் ஒரு கரும் புள்ளியாகக் கடந்து செல்லும் அபூர்வக் காட்சியைக் கண்டு, அதிலிருந்து சூரியனின் தூரத்தைக் கணக்கிடுவதற்காக, கியோம் லெ ஜாந்தி என்ற பிரெஞ்சு வான சாஸ்திரி 1760-ஆம் வருஷம் தம் நாட்டிலிருந்து கப்பலேறினார். அவர் புதுச்சேரியை அடைவதற்கு முன்னமே, 1761-ஆம் வருஷம் ஜனவரியில், ஊர் ஆங்கிலேயர் வசமாகிவிட்டது. அந்த வருஷம் ஜூன் மாதம் சுக்கிரன் கடந்தபோது மனிதர் நடுக்கடலில், ஆடுகிற கப்பலில் நின்றார். ஆடுகிற கப்பலில் எடுத்த அளவு எதற்குப் பயன்படும்? சுக்கிரன் மறுபடியும் எட்டு வருஷத்தில் கடக்கும் என்பது தெரிந்த விஷயம். ஆகவே ஊர் திரும்பாமல் இந்தப் பக்கத்துக் கடல்களிலேயே காலம் கழித்தார். 1768-இல், மறுபடியும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்திருந்த புதுச்சேரியை அடைந்து, இடிந்து கிடந்த கவர்னர் மாளிகையின் மேல் ஒரு வானிலையம் எழுப்பிக்கொண்டார்.

1769-ஆம் வருஷம் ஜூன் 4-ஆம் தேதி காலை. அதற்கு முந்திய நாட்களெல்லாம் நிர்மலமாக இருந்த ஆகாயம் அன்று பார்த்துக் கறுத்துக்கொண்டது. சுக்கிரன் கடந்து முடிந்த பிற்பாடு வெயில் பளீரென்று அடித்தது. அவர் வேலை பார்ப்பதாக முதலில் இருந்த மணிலாவிலோ அன்று காலை வானம் தெளிவாகவே இருந்தது! 1771-இல் ஊர் போய்ச் சேர்ந்தபோது அவர் இறந்துவிட்டதாகவே எண்ணி உறவினர் சொத்தைப் பங்கிடும் காரியத்தில் இருந்தார்களாம். இதைவிடத் துரதிர்ஷ்டசாலியான விஞ்ஞானி ஒருவரை நான் படித்ததில்லை.

இதே லெ ஜாந்தி புதுச்சேரியில் தங்கியிருந்த காலத்தில் நம்மவர் ஒருவரிடம் தமிழ் முறைச் சோதிடக் கணிதத்தைக் கற்றார். 1765-ஆம் வருஷம் ஆகஸ்டு 30-ஆம் தேதி நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணக்கிட்டுக் காட்டும்படி கேட்டார். மனப்பாடமாக இருந்த வாய்பாட்டின் உதவியால் அவர் கணக்கிட்டுக் காட்டிய கிரகண காலம், உண்மையில் நிகழ்ந்ததைவிட 41 விநாடி மட்டுமே குறைந்திருந்தது. ஐரோப்பிய அட்டவணையின்படி போட்ட கணக்கோ 68 விநாடி கூடுதலாகப் போயிற்று. இதை நான் எழுதுவது பழம் பெருமை பேச அல்ல. கிரகணத்தை விநாடிக் கணக்கில் முன்கூட்டிச் சொல்ல முடிந்த அதே ஊரில், மறுநாள் காலை மேகம் போடுமா போடாதா என்பதை எவராலும் சொல்ல முடியவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆகாயத்துக்கு மேலே நடப்பது கணக்குக்குக் கட்டுப்பட்டது. அங்கிருந்து நம் மாடிக்கு வரும் வழியில், காற்று மண்டலத்துக்குள் நடப்பதோ அளந்தாலொழியத் தெரியாதது. வெயிலைப் பற்றிய விஞ்ஞானம் முழுவதும் இந்த இரண்டுக்கும் இடையில்தான் இருக்கிறது.

வேட்டித் துணியின் கணக்கு

காற்று மண்டலத்தின் மேல் எல்லையில், கிரணங்களுக்கு நேர் எதிராக ஒரு சதுர மீட்டர் பலகையைப் பிடித்தால், அதன் மேல் விழும் சக்தி 1,361 வாட். சூரிய மாறிலி என்று இதற்குப் பெயர். பூமி சூரியனை நெருங்கும் ஜனவரியில் சற்றே கூடும். ஜூலையில் சற்றே குறையும். இன்று செயற்கைக் கோள்களில் கருவி வைத்து இதை நேராகவே அளந்துவிடுகிறார்கள். ஆனால் தரையை விட்டு எழும்ப வழியில்லாத காலத்திலேயே மனிதர்கள் இதைக் கண்டுபிடிக்க முயன்றார்கள் என்பதுதான் சுவாரசியமான கதை.

ஒரு மெல்லிய வேட்டியை விளக்குக்கு எதிரே பிடியுங்கள். வெளிச்சத்தில் முக்கால் பங்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வேட்டியை இரண்டாக மடித்துப் பிடித்தால்? பாதிதான் வரும் என்று அவசரக்காரர்கள் சொல்வார்கள். அப்படியல்ல, முக்காலில் முக்கால், அதாவது நூற்றுக்கு ஐம்பத்தாறு வரும். மூன்று மடிப்பானால் அதிலும் முக்கால். காற்று மண்டலமும் இப்படியொரு துணியே. சூரியன் உச்சியில் இருக்கும்போது அது ஒற்றை மடிப்பு. அடிவானத்திலிருந்து 30 பாகை உயரத்தில் இருக்கும்போது கிரணம் சாய்ந்து வருவதால் இரட்டை மடிப்பு. காலை முதல் நடுப்பகல் வரை வெயிலை அளந்துகொண்டே போய், மடிப்புக் குறையக் குறைய வெளிச்சம் எப்படி ஏறுகிறது என்று பார்த்து, அந்தக் கோட்டைப் பின்னோக்கி நீட்டினால், மடிப்பே இல்லாத இடத்தில், அதாவது காற்றுக்கு வெளியே, எவ்வளவு இருக்கும் என்பது தெரிந்துவிடும். வெளிச்சம் இவ்விதமாகத் தேயும் விதியை 1729-இல் பிரெஞ்சுக்காரரான பூகேர் கண்டு சொன்னார். ஒரு நூறு வருஷம் கழித்து அவர் நாட்டவரான பூயே, கரி பூசிய வெள்ளிப் பாத்திரத்தில் தண்ணீரை நிரப்பிச் சூரியனுக்குக் காட்டி, தண்ணீர் எவ்வளவு சூடேறுகிறது என்று வெப்பமானியில் பார்த்து, இந்த முறையிலேயே சூரிய மாறிலிக்கு ஒரு மதிப்புக் கண்டார். பாத்திரமும் தண்ணீரும் கொண்டு அவர் கண்ட மதிப்பு, இன்றைய மதிப்புக்குப் பத்தில் ஒரு பங்குதான் குறைவு.

அவருக்குப் பின்னால் அமெரிக்காவில் லாங்லி என்ற பெரிய விஞ்ஞானி 1881-இல் விட்னி மலைமேல் ஏறி, மிக நுட்பமான கருவியால் அளந்தார். அளவுகள் சரியாகவே இருந்தன. ஆனால் அவற்றை வைத்துப் போட்ட கணக்கில் வேண்டாத ஒரு திருத்தத்தைச் சேர்த்துக்கொண்டதால், உண்மையைப் போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு மதிப்பு வந்தது. பெரியவர் சொன்னதாயிற்றே என்று சுமார் இருபது வருஷம் உலகம் அதை ஒப்புக்கொண்டிருந்தது. அவரிடம் உதவியாளராக இருந்த அப்பட் என்பவரே பிற்காலத்தில் அதைத் திருத்தினார். கருவி பொய் சொல்லாதிருக்கும்போதும் கணக்கு பொய் சொல்லக் கூடும் என்பதற்கு இது ஒரு சாட்சி.

நம் மாடிக்கு வரும் வெயில் இரண்டு வகை. சூரிய வட்டத்திலிருந்து நேராக வருவது ஒன்று. காற்றிலும் தூசியிலும் மேகத்திலும் பட்டுச் சிதறி ஆகாயம் முழுவதிலிருந்தும் இறங்குவது மற்றொன்று. இரண்டையும் சேர்த்து அளக்கும் கருவிக்குப் பைரானோமீட்டர் என்று பெயர். பார்ப்பதற்குக் கவிழ்த்துவைத்த கண்ணாடிக் கிண்ணம் போல் இருக்கும். உள்ளே ஒரு கறுப்புத் தகடு. கிண்ணத்துக்கு மேல் இன்னொரு கிண்ணம். வெயில் பட்டுக் கறுப்புத் தகடு சூடாகிறது. அதன் அடியில் இரண்டு வேறு உலோகக் கம்பிகளை மாற்றி மாற்றி இணைத்த ஓர் அடுக்கு உண்டு. சூடான முனைக்கும் குளிர்ந்த முனைக்கும் உள்ள வித்தியாசத்துக்குத் தக்கபடி அதில் மிக மெல்லிய மின்சாரம் பிறக்கிறது. அந்த மின்சாரத்தைப் படித்தால் வெயில் தெரியும். சூரிய வட்டத்தை மட்டும் ஒரு வளையத்தால் மறைத்துவிட்டால், சிதறிய ஒளி மட்டும் தனியே கிடைக்கும்.

கேட்பதற்கு எளிது, வைத்துக் காப்பாற்றுவதுதான் கஷ்டம். கண்ணாடியின் மேல் பனி படியும், காக்கை எச்சமிடும், நம் கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று படலமாக ஒட்டும். கறுப்புச் சாயம் வருஷக் கணக்கில் வெயில் குடித்து வெளுக்கும். கருவியை ஒரு மயிரிழை சாய்த்து வைத்தாலும் காலையும் மாலையும் வித்தியாசமாகப் படிக்கும். இவற்றில் எதுவும் நின்றுபோன கடிகாரத்தைப் போல் கண்ணுக்குத் தெரியாது. கருவி எண்களைச் சொல்லிக்கொண்டேதான் இருக்கும். அவை தவறான எண்களாக இருக்கும், அவ்வளவுதான்.

வைரத் தோடு வேண்டாத பெண்

இந்தத் தொல்லையைத் தம் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர் ஒரு பெண்மணி. திருவிதாங்கூர்ச் சீமையில் பீர்மேட்டில் 1918-ஆம் வருஷம் ஆகஸ்டு 23-ஆம் தேதி பிறந்தவர் அன்னா மணி. அவர்கள் குடும்பத்தில் பெண் குழந்தைக்கு எட்டாவது பிறந்த நாளில் வைரத் தோடு போடுவது வழக்கம். எனக்குத் தோடு வேண்டாம், என்ஸைக்ளோபீடியா பிரிட்டானிக்கா வாங்கிக் கொடுங்கள் என்று அந்தக் குழந்தை கேட்டு வாங்கிக்கொண்டதாம். வைக்கம் சத்தியாக்கிரகத்தின்போது 1925-இல் காந்தியடிகள் அந்தப் பக்கம் வந்து போனார். அது அந்தச் சிறுமியின் மனத்தில் ஆழப் பதிந்து, பின்னர் கதராடையே அவருடைய உடையாயிற்று.

சென்னையில் பௌதிகம் படித்துப் பட்டம் பெற்ற அவர், 1940-இல் பெங்களூர் சென்று ஸர் சி. வி. ராமனின் ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்தார். வைரத் தோட்டை மறுத்தவருக்கு அங்கே கிடைத்த வேலை, வைரக் கற்களில் ஒளி எப்படி நடந்துகொள்கிறது என்று ஆராய்வதுதான்! ஐந்து ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதினார். 1945-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குத் தம் ஆராய்ச்சி நூலை அனுப்பினார். எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்ற காரணத்தைக் காட்டி டாக்டர் பட்டத்தை மறுத்துவிட்டார்கள். பட்டம் இல்லாமற் போனதால் தம் வேலைக்கு ஒன்றும் குறைவு வரவில்லை என்பதே அவர் கொண்ட அபிப்பிராயம். பட்டம் கொடுத்தவர்கள் அப்படிக் கருதலாமா என்பது வேறு விஷயம்.

அதே வருஷம் சர்க்கார் உபகாரச் சம்பளத்தில் லண்டனுக்குச் சென்றார். பௌதிக ஆராய்ச்சி செய்யப் போனவருக்கு அங்கே கிடைத்த இடம் வானிலைக் கருவிகளைப் பற்றிய படிப்புக்குத்தான். வருத்தப்படாமல் அதையே கற்றார். 1948-இல் திரும்பி வந்து புனாவிலிருந்த வானிலை இலாகாவில் சேர்ந்தார். தேசம் விடுதலை பெற்றுச் சில மாதங்களே ஆகியிருந்த சமயம். மழைமானி, வெப்பமானி போன்ற எளிய கருவிகள்கூட அப்போது பிரிட்டனிலிருந்தே வந்துகொண்டிருந்தன. நம் மழையையும் நம் வெயிலையும் அளக்க நமக்கு ஒரு கோல் கிடையாது. கொடி ஏற்றியாகிவிட்டது, கோல் வரவேண்டியிருந்தது என்று சொல்லலாம்.

அன்னா மணி செய்த முதல் காரியம், நூறு விதமான கருவிகளுக்குத் துல்லியமான வரைபடங்களைத் தயாரித்து, அவற்றை இங்கேயே செய்வதற்கு ஏற்பாடு செய்ததுதான். அவர் பொறுப்பில் நூற்றிருபதுக்கு மேற்பட்ட ஆட்கள் வேலை செய்தார்கள். அந்நாளில் ஒரு தொழிற்கூடத்தை ஒரு பெண் நடத்துவதென்பது எப்பேர்ப்பட்ட காரியம் என்பதை நம் வாசகிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தவறாக அளப்பதைக் காட்டிலும் அளக்காமலே இருப்பது மேல் என்பது அவருடைய கட்டளை. பள்ளிக்கூடப் பரிசோதனைச் சாலையில் விடையை முதலில் எழுதிவிட்டு அளவைப் பிறகு போடும் சாமர்த்தியசாலிகளைப் பார்த்துப் பழகிய எனக்கு, இந்தக் கட்டளையைச் சுவரில் எழுதி வைக்கலாமா என்றுகூடத் தோன்றியதுண்டு.

1957 ஜூலை முதல் 1958 டிசம்பர் முடிய உலக நாடுகள் பலவும் சேர்ந்து சர்வதேச புவி பௌதிக ஆண்டு என்று கொண்டாடின. பூமியையும் காற்றையும் ஒரே காலத்தில் எல்லா இடங்களிலும் அளப்பது என்பது ஏற்பாடு. அதை ஒட்டி இந்தியாவில் வெயிலை அளக்கும் நிலையங்களின் வரிசையை அன்னா மணி நிறுவினார். முதலில் அயல்நாட்டுக் கருவிகள். பிறகு புனாவிலேயே செய்த கருவிகள். 1963-இல் விக்ரம் சாராபாயின் வேண்டுகோளின் பேரில் தும்பா ராக்கெட் தளத்திலும் ஒரு வானிலை நிலையம் அமைத்துக் கொடுத்தார். 1976-இல் இலாகாவின் துணைத் தலைமை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்ற பின்னும் சும்மா இருக்கவில்லை. அத்தனை வருஷத்து அளவுகளையும் தொகுத்து, இந்தியாவின் சூரியக் கதிர்வீச்சுப் புள்ளிவிவரக் கையேட்டை 1980-இல் வெளியிட்டார். சூரிய சக்தியில் யந்திரம் ஓட்ட நினைத்தவர்களுக்கெல்லாம் அது வேதப் புத்தகம் போலாயிற்று. 2001-ஆம் வருஷம் ஆகஸ்டு 16-ஆம் தேதி திருவனந்தபுரத்தில் காலமானார்.

கோடைக்கானலில் 1899-இல் நிறுவிய வானிலையம் இருக்கிறதே, அது என்ன செய்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே ஆராய்வது சூரியனையே: அதன் புள்ளிகளை, அதன் சுவாலைகளை. நான் சொல்வது சூரியனிடமிருந்து புறப்பட்டது நம் வீட்டு மாடியில் எவ்வளவு வந்து சேர்ந்தது என்ற, சற்றே தாழ்வான இடத்துக் கணக்கு.

கருவி இல்லாத ஊருக்கு என்ன வழி?

ஒவ்வொரு ஊரிலும் பைரானோமீட்டர் வைப்பது சாத்தியமில்லை. ஆகவே வைத்த இடத்து அளவைக்கொண்டு வைக்காத இடத்து வெயிலைக் கணக்கிட வேண்டும். இதற்கு மிகப் பழைய, மிக அழகான உபாயம் ஒன்று உண்டு. நாலங்குலக் கண்ணாடி உருண்டை ஒன்றை வெயிலில் வைத்து, அதன் பின்னால் ஓர் அட்டையைச் சொருகுவார்கள். வெயில் அடிக்கும் நேரமெல்லாம் கிரணங்கள் குவிந்து அட்டையைக் கருக்கும். மேகம் மறைக்கும் நேரத்தில் கருகாது. மாலையில் கருகிய கோட்டின் நீளத்தைப் பார்த்தால் அன்று எத்தனை மணி நேரம் வெயில் அடித்தது என்று தெரிந்துவிடும். மணி நேரத்திலிருந்து வெயிலின் அளவுக்குப் போகும் சூத்திரத்தை ஸ்வீடன் தேசத்து ஆங்ஸ்ட்ரம் 1924-இலும், அதைச் சீர்ப்படுத்தி பிரெஸ்காட் 1940-இலும் கொடுத்தார்கள்.

நம் ஊருக்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மார்கழி மாதம். அந்த நாட்களில் புதுச்சேரிக்கு மேலே, காற்று மண்டலத்தின் எல்லையில், தரைக்கு இணையான ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளைக்கு 8.3 யூனிட் சக்தி விழுகிறது. யூனிட் என்பது மின்சாரக் கணக்கில் நாம் எல்லோரும் அறிந்த அதே கிலோவாட் மணிதான். பகற்பொழுது 11.3 மணி நேரம். அட்டை 6 மணி நேரம் கருகியது என்று வைத்துக்கொள்வோம். சூத்திரம் சொல்வது: கால் பங்கோடு, வெயில் அடித்த நேர விகிதத்தில் பாதியைச் சேர்த்துக்கொள். 11.3-க்கு 6 என்றால் 0.53, அதில் பாதி 0.265, கால் சேர்த்தால் 0.515. ஆகவே தரைக்கு வந்தது 8.3-இல் 0.515 பங்கு, அதாவது ஏறக்குறைய 4.3 யூனிட். அட்டை துளியும் கருகாத கார்காலத்து நாளிலும் கால் பங்கு வெளிச்சம் மேகத்தின் வழியே கசிந்து வந்துவிடும் என்பதும் இதில் அடங்கியிருக்கிறது.

ஆனால் அந்தக் காலும் அந்தப் பாதியும் எங்கிருந்து வந்தன? ஆகாயத்திலிருந்து குதிக்கவில்லை. கண்ணாடி உருண்டையையும் பைரானோமீட்டரையும் அருகருகே வைத்து வருஷக் கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்துக் கண்டவை. கடற்கரைக்கு ஒன்று, மலைக்கு ஒன்று, பாலைவனத்துக்கு ஒன்று என்று அவை மாறும். சூத்திரத்தின் நாணயம் முழுவதும் எங்கோ ஓரிடத்தில் கண்ணாடியைத் துடைத்து, தகட்டைச் சோதித்து, உள்ளதை உள்ளபடி எழுதிய ஒருவரின் நாணயத்தைப் பொறுத்திருக்கிறது.

இதற்கு மேல் நுட்பமான கணக்குகள் பல உண்டு. காற்றின் ஒவ்வொரு படலத்திலும் ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது, எந்தப் பக்கம் சிதறுகிறது, சிதறியது மறுபடியும் எங்கே சிதறுகிறது என்ற தலை சுற்றும் கணிதத்தைச் சீர்ப்படுத்தியவர்களில் முதல்வரிசையில் நிற்பவர், சென்னை மாகாணக் கல்லூரியில் படித்த நம் எஸ். சந்திரசேகர்தான். நட்சத்திரங்களுக்காக அவர் கண்ட முறைகள், நம் தலைக்கு மேலுள்ள நீல வானத்துக்கும் அப்படியே பொருந்தின. அதைப் பற்றிய அவருடைய பெரிய நூல் 1950-இல் வெளிவந்தது. இன்று செயற்கைக் கோள் மேலிருந்து மேகங்களைப் படம் பிடிக்கிறது. வெளுப்பாகத் தெரியும் மேகம் தடித்தது, அது கீழே விடும் வெயில் குறைவு என்று கணிப்பொறி கணக்கிட்டு, ஒவ்வொரு தாலூகாவுக்கும் அளவு சொல்கிறது. ஆனால் மெல்லிய தூசிப் படலத்தையும் கடலோர மூட்டத்தையும் கண்டு அது ஏமாறுவதுண்டு. அதன் விடையைத் திருத்தத் தரையிலுள்ள கருவி வேண்டியிருக்கிறது. இதற்காகவே 2011-இல் சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள காற்று சக்தி நிலையத்தார் முதல் தவணையாக 51 அளவை நிலையங்களைத் தேசமெங்கும் அமைத்தார்கள்.

படியையும் அளக்க வேண்டுமல்லவா? ஸ்விட்ஸர்லாந்தில் டாவோஸ் என்ற மலையூரில், ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை, பல நாடுகளும் தத்தம் முதல்தரக் கருவிகளைக் கொண்டுவந்து வரிசையாகச் சூரியனை நோக்கி நிறுத்தி ஒப்பிட்டுக்கொள்கின்றன. வீட்டுக் கருவி நாட்டுக் கருவியோடும், நாட்டுக் கருவி உலகக் கருவியோடும் ஒத்துப் போனால்தான் கணக்கு கணக்காகும்.

வெயில் மங்கிய செய்தி

இத்தனை கறார் எதற்கு என்று கேட்பவர்களுக்குப் பதில் 2007-இல் கிடைத்தது. புனாவிலுள்ள வெப்ப மண்டல வானிலை ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர்கள், நம் தேசத்தில் 12 நிலையங்களில் 1981 முதல் 2004 வரை பதிவான அளவுகளை எடுத்து ஆராய்ந்தார்கள். இந்தியாவின் தரையில் விழும் வெயில் வருஷத்துக்கு வருஷம் சதுர மீட்டருக்கு 0.86 வாட் வீதம் குறைந்துகொண்டே வந்திருந்தது! சூரியன் மங்கவில்லை, காற்றுதான் மாசுபட்டிருந்தது. அடுப்புப் புகையும், வண்டிப் புகையும், நிலக்கரிப் புகையும் சேர்ந்து வேட்டியை அழுக்காக்கிவிட்டன.

இதற்கு முன்பே, 1999-இல், இந்து மகா சமுத்திரத்தின் மேல் நடந்த பெரிய சர்வதேச ஆராய்ச்சியில், குளிர்காலத்தில் நம் உபகண்டத்திலிருந்து கடல் மேல் பரவும் பழுப்பு மூட்டம் கடற்பரப்பை அடையும் வெயிலில் சுமார் பத்து சதவீதத்தை விழுங்கிவிடுகிறது என்று கண்டார்கள். அந்த ஆராய்ச்சியை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர், நமக்குத் தெற்கே கூப்பிடு தூரத்தில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் எஞ்சினீயரிங் படித்த வீ. ராமநாதன்.

அந்த 0.86 வாட்டை மறுபடியும் பாருங்கள். நம் தேசத்து வெயிலின் சராசரியில் அது அரை சதவீதத்தை எட்டாது. பைரானோமீட்டரின் கறுப்புச் சாயம் வருஷத்துக்கு அரை சதவீதம் வெளுத்துவிட்டாலும் இதே குறைவுதான் தெரியும். கருவியை அடிக்கடி சோதித்து, படியோடு படியை ஒப்பிட்டு, வெளுப்புக்கு வெளுப்பைக் கழித்துவைத்திருந்ததனால்தான், மங்கியது வானமா தகடா என்று பிரித்துச் சொல்ல முடிந்தது. இருபத்து நான்கு வருஷத்து அளவை திரும்பப் போய் எடுத்துவர முடியாது; அன்றன்று எடுத்திருந்தால்தான் உண்டு. அன்னா மணி 1957-இல் பிடித்த பிடிவாதம் ஐம்பது வருஷம் கழித்துப் பலன் கொடுத்தது என்பது என் துணிவு.

மாடிக்கு வந்த வியாபாரி

இப்போது நெல்லித்தோப்பின் மாடிகளுக்கு வடகத்தோடு சோலார் பேனலும் வந்துகொண்டிருக்கிறது. மூன்று கிலோவாட் வரை 78,000 ரூபாய் மானியம் உண்டென்று 2024-இல் மத்திய சர்க்கார் அறிவித்த பிறகு, வாசலில் வந்து நின்று பேசும் விற்பனையாளர்களுக்குக் குறைவில்லை. மீதிப் பணம் நம் கையிலிருந்து போகிறது. பலருக்கு அது பெண்ணின் கல்யாணத்துக்கு வைத்த பணமாகவோ வங்கிக் கடனாகவோ இருக்கிறது. ஆதலால் ஒரு குடும்பத் தலைவி அந்த விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய கேள்விகளைச் சொல்லிவிடுகிறேன்.

"ஒரு கிலோவாட்டுக்கு நாள் தவறாமல் ஐந்து யூனிட் வரும், அம்மா" என்று அவர் சொல்லக் கூடும். ஒரு கிலோவாட் பேனல் என்பது, சதுர மீட்டருக்கு 1,000 வாட் வெயில் அடிக்கும்போது ஒரு கிலோவாட் கொடுப்பது என்று பொருள். ஆகவே மேலே கணக்கிட்ட மார்கழி நாளின் 4.3 யூனிட் வெயிலில், குறையே இல்லாத பேனலும் 4.3 யூனிட்தான் தரும். குறை இல்லாத பேனல் கிடையாது. சூட்டினால் கொஞ்சம், தூசியால் கொஞ்சம், கம்பியிலும் மின்மாற்றுக் கருவியிலும் கொஞ்சம் என்று ஐந்தில் ஒரு பங்கு முதல் நாலில் ஒரு பங்கு வரை போய்விடும். மிஞ்சுவது மூன்றே கால் யூனிட் சுமார். புதுச்சேரியின் வருஷச் சராசரி வெயில் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு ஐந்து முதல் ஐந்தரை யூனிட் வரை இருக்கிறது. அந்தக் கணக்கில் வருஷச் சராசரியாக ஒரு கிலோவாட்டுக்கு நான்கு யூனிட்டை எதிர்பார்ப்பது நியாயம். பங்குனி, சித்திரையில் அதற்கு மேல் வரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒன்றரைக்கும் கீழே போகும் நாட்கள் உண்டு. ஐந்து யூனிட் "நாள் தவறாமல்" என்று சொல்பவரிடம், எந்த நிலையத்து அளவை வைத்துச் சொல்கிறீர், எந்த மாதத்துக்குச் சொல்கிறீர் என்று கேளுங்கள். காகிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தருபவர்கள் இல்லாமல் இல்லை.

பேனலைத் தெற்கு நோக்கி, நம் ஊரின் 12 பாகைக்கு ஏறக்குறைய அதே சாய்வில் வைக்க வேண்டும். அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் மார்கழியில் எவ்வளவு தூரம் நீள்கிறது என்று பார்த்துவிட்டு இடத்தைத் தீர்மானிப்பது நல்லது. சித்திரையில் பார்த்தால் நிழலே இருக்காது. கடற்காற்று உப்பை ஒட்டவைக்கும் ஊராகையால், மழையில்லாத மாதங்களில் பதினைந்து நாளைக்கு ஒரு முறை விடியற்காலையில், கண்ணாடி சூடேறுவதற்கு முன், வெறும் தண்ணீரால் கழுவித் துடைத்துவிட்டு, அன்றைய மீட்டர் எண்ணைச் சமையலறைக் காலண்டரில் குறித்து வைக்கலாம்.